வால் முளைத்த பாஸ்

உ

புத்தூர்,
12.09.1994

அன்புள்ள ஞானத்துக்கு,

சுகம் என்று தொடங்குவது மரபு. மரபை மீறினால் நீர் பதறிப்போவீர் என்பதால் சுகம் என்றே வைத்துக்கொள்ளும். உண்மை வேறு. நேற்று நானே புட்டு அவித்தேன். எனக்கு இறங்கவில்லை. பாதியை வேலிக்கு மேலால் ஆழ்வாப்பிள்ளையின் நாய்க்கு எறிந்தேன். அது மணந்து பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டது. எசமானைப் போல அதுவும் இனி என்னோடு கதைக்காது போலிருக்கிறது.

ஆழ்வாப்பிள்ளைக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பத்திரிகையில் நான் அந்தப் பகிடியை எழுதி இரண்டு வருசமாகிறது. மகளின் பிரசவத்துக்குக் கொழும்பு போக, குடாநாட்டைவிட்டு வெளியேற இயக்கம் கொடுக்கிற பாஸ் கேட்டு மனுசன் போனார். கந்தோரில் “பாஸ் வரும், இருங்கோ” என்றார்களாம். இவர் “பஸ் வரும்” என்று விளங்கிக்கொண்டு, பின்னேரம் மட்டும் சந்தியில் குடையோடு நின்றாராம். தானே வந்து சொன்ன கதையைத்தான் நான் எழுதினேன். ஊரே சிரித்தது. சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

சரி, உம்முடைய விசயத்துக்கு வருவோம். பாஸில் இரண்டு மாதம் போட்டிருக்கிறார்கள். கொழும்பில் வயிற்றுக் கட்டியைக் காட்டி, எடுக்க வேண்டுமென்றால் எடுத்துவிட்டு, வந்து சேரும். நான்தான் உமக்குப் பிணை என்பதை மறக்க வேண்டாம். நீர் திரும்பி வரும் வரைக்கும் நான் இந்தக் குடாநாட்டைவிட்டு அசைய முடியாது. கலியாணத்தில் ஐயர் போட்ட முடிச்சு போதாதென்று கந்தோரிலும் ஒன்று போட்டிருக்கிறார்கள். அதற்கு முத்திரையும் குத்தியிருக்கிறது.

ஜெர்மனியிலிருந்து மகன் போன் எடுத்தால், காசை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கச் சொல்லும். பாஸ்போட் இல்லாத பிள்ளை, வாறன் வாறன் என்று அந்தரப்படக்கூடாது.

அன்புடன்,
சோமசேகரம்
(ரியூட்டரியில் ‘சோமர் மாஸ்டர்’, நாயிடத்தில் யாரோ ஒருவன்)

---

வெள்ளவத்தை,
28.09.1994

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதம் கிடைத்தது. புட்டுக்கு மாவை வறுத்தீர்களா? வறுத்திருக்க மாட்டீர்கள். அலுமாரிக்கு மேலே சிவப்பு மூடிப் போத்தலில் வறுத்த மா இருக்கிறது. போகும்போது சொன்னேன். நீங்கள் அப்போது பகிடி விட்டுக்கொண்டு நின்றீர்கள்.

லொட்ஜில் பக்கத்து அறை லூர்த்தம்மா பாசையூர் மனுசி. ஆஸ்பத்திரிக்கு அவதான் கூட வந்தா. அங்கே ஒரு வெட்கக்கேடு நடந்தது. எழுதாவிட்டாலும் லூர்த்தம்மா ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவா, அதனால் நானே எழுதுகிறேன்.

ஒப்பரேசன் முடிந்து மற்ற நாள், தமிழ் தெரிந்த ஒரு நேர்ஸ் பிள்ளை வந்து, “அம்மா, பாஸ் பண்ணினீங்களா?” என்று கேட்டது. நான் தலையணைக்குக் கீழே கையை விட்டு, நாலாக மடித்து வைத்திருந்த பாஸை எடுத்து நீட்டினேன். முத்திரை தெரியும்படி திருப்பியும் காட்டினேன். பிள்ளை முழித்தது. லூர்த்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு, “அக்கா, உவள் சலம் போனதோ, ஒண்டுக்குப் போனியளோ எண்டு கேக்கிறாள்” என்றா. வார்ட்டில் இருந்த சிங்களப் பெண்களுக்கும் பிறகு யாரோ விளங்கப்படுத்திவிட்டார்கள். தையல் நோக நோக நானும் சிரித்தேன்.

ஒப்பரேசன் என்று எழுதிவிட்டேன். திறந்து பார்த்துவிட்டுத் திரும்பத் தைத்துவிட்டார்களாம். ஒன்றும் எடுக்கவில்லையாம். எடுக்கத் தேவையில்லாத கட்டி போல.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பெரிய டொக்டர் என் கட்டிலடியில் நின்று சின்ன டொக்டர்மாருக்கு இங்கிலீசில் ஏதோ சொன்னார். அதிலும் ‘பாஸ்’ என்ற சொல் வந்தது. இந்த முறை சலத்தைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. ‘பாஸ்’ என்பதற்குப் பின்னால் ஒரு வாலும் இருந்தது. ‘அவே’ என்றோ என்னவோ. பிறகு ‘கிறிஸ்மஸ்’ என்றும் காதில் விழுந்தது. எனக்கென்ன இங்கிலீசு தெரியும்? நீங்கள்தான் மாஸ்டர். என்ன சொன்னார் என்று எழுதுங்கோ.

லூர்த்தம்மாவிடம் கேட்கலாம்தான். உங்களிடம் கேட்க விருப்பம்.

ஞானாம்பிகை

---

புத்தூர்,
15.10.1994

அன்புள்ள ஞானத்துக்கு,

சிவப்பு மூடிப் போத்தல் கிடைத்தது. மா கிடைத்தது. புட்டு இன்னும் கிடைக்கவில்லை.

உம்முடைய கேள்வியைப் பார்த்ததும் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்கு எழும்பிவிட்டேன். ‘பாஸ்’ என்பது இங்கிலீசில் ஊர் சுற்றித் திரியும் சொல், அதற்குச் சொந்த வீடு கிடையாது. சோதினையில் தேறினால் பாஸ். மைதானத்தில் பந்தை மற்றவன் காலுக்குத் தள்ளினால் பாஸ். சங்கக் கூட்டத்தில் கையுயர்த்தினால் தீர்மானம் பாஸ், அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காது. வங்கியில் செக் பாஸ். நீர் வெட்கப்பட்ட அந்த விசயமும் பாஸ். உம்மைப் பொம்பிளை பார்த்துவிட்டு வந்த அன்று, “என்னடா?” என்று அம்மா கேட்க, “பாஸ்” என்றுதான் நானும் சொன்னேன். இரண்டு மலைக்கு நடுவே வழி இருந்தால் அதுவும் பாஸ். மலையே இல்லாத எங்கள் ஊருக்கு வெள்ளைக்காரன் தாராளமாக ஒன்று தந்துவிட்டுப் போனான். ஆனையிறவுக்கு அவன் வைத்த பெயரில் ஆனைக்கு ஒரு பாஸ் இருக்கிறது, பாரும். ஆனைக்குக் கொடுத்ததை மனுசனுக்குத் தருவதற்கு இங்கே இத்தனை கேள்வி.

இனி அந்த வால். சில இங்கிலீசுச் சொற்களுக்குப் பின்னால் சின்ன வால் முளைக்கும். ‘அவே’ என்றால் தூரம். ‘பாஸ் அவே’ என்றால் விலகித் தூரப் போவது. கிறிஸ்மஸுக்கு முன்னம் உம்முடைய வயிற்று வருத்தம் விலகிப் போய்விடும் என்று அவர் சின்ன டொக்டர்மாருக்குச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். பெரிய டொக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வேளைக்குச் சாப்பிடும். படியில் மெல்ல இறங்கும்.

வேறு விசேசம் இல்லை. நானும் ஒரு பாஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஒன்றுமில்லை, சும்மா. கொழும்பைப் பார்த்துக் கனகாலம்.

அன்புடன்,
சோமு

---

வெள்ளவத்தை,
30.10.1994

இஞ்சாருங்கோ,

விளக்கம் கிடைத்தது. விலகிப் போகும் என்றால் நல்லதுதானே.

ஆனால் நீங்கள் கொழும்பு பார்க்க ஆசைப்பட்டது எனக்கு விளங்கவில்லை. யாழ்தேவி றெயில் ஓடின காலத்தில் என் தங்கச்சி வீட்டுக் கலியாணத்துக்கே வராமல், “கொழும்பு வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்று படுத்திருந்த மனுசன் நீங்கள். இப்போது கடலேறிச் சாமத்தில் வள்ளத்தில் வரப்போகிறீர்களாம். சும்மாவாம்.

எனக்கு இரண்டு மாதம் முடிகிறது. என்னால் வரமுடியாது. லொட்ஜ் படியில் இறங்கவே லூர்த்தம்மாவின் தோள் வேண்டியிருக்கிறது. நான் வராவிட்டால் பிணை நிற்கிற உங்களுக்குக் கரைச்சல். நீங்கள் வருவதற்கு நான் வரவேண்டும், நான் வருவதற்கு நீங்கள் வரவேண்டும். இந்தக் கணக்கை யார் போட்டாரோ அவர் நன்றாக இருக்கட்டும்.

இரண்டு பேருக்கும் சேர்த்து வேறொரு ஆள் பிணை நின்றால் விடுவார்களாம், இங்கே வந்தவர்கள் சொன்னார்கள். ஆழ்வாப்பிள்ளை அண்ணையிடம் போய்க் கேளுங்கோ. பக்கத்து வீடு. நல்ல மனுசன். நீங்கள்தான் அவரைப் பேப்பரில் போட்டீர்கள், அவர் உங்களை ஒன்றும் செய்யவில்லை.

இப்போது சோறு இறங்குவதில்லை. கஞ்சிதான். அதையும் எழுதாமல் விட்டால் நீங்கள் புட்டைப் பற்றி எழுதுவீர்கள்.

ஞானம்

---

புத்தூர்,
20.11.1994

அன்புள்ள ஞானத்துக்கு,

பாஸ் சோதினையில் உம்முடைய புருசன் ஃபெயில். முடிவை முதலே சொல்லிவிட்டேன், இனி நடந்ததைக் கேளும்.

பொறுப்பாளர் என்று மேசைக்குப் பின்னால் இருந்தவன் யாரென்று நினைக்கிறீர்? எங்கள் அடைக்கலநாதன். விறாந்தையில் பின் வாங்கில் இருந்து, உம்மிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற சாட்டில் வகுப்பைக் கட் பண்ணினவன்.

“மாஸ்டர், என்னைத் தெரியுதோ?”

“தெரியாமல் என்ன, அடைக்கலநாதன்.”

“இயக்கத்திலை அந்தப் பேர் இப்ப இல்லை, மாஸ்டர். நீங்கள் அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொன்னது மட்டும் ஞாபகம் கிடக்கு. ‘உவன் இங்கிலிசிலை பாஸ் பண்ணினால் ஆனை பறக்கும்’ எண்டனீங்கள்.”

“பகிடிக்குச் சொன்னது, தம்பி.”

“ஓம், நானும் சிரிச்சனான். ஆனை பறக்கேல்லை, மாஸ்டர். ஆனையிறவுப் பாதையும் திறக்கேல்லை.”

பழி வாங்கினான் என்று எழுதினால் கதை நன்றாக வரும், ஆனால் அவன் அப்படிச் செய்யவில்லை. கதிரை எடுத்துப் போட்டான். தேத்தண்ணி கொடுத்தான். கடதாசியை இரண்டு தரம் வாசித்தான். “அக்காவுக்கு நீங்கள்தானே பிணை? அவ வராமல் உங்களை விட ஏலாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். வேறை ஆள் ஒருத்தரைக் கொண்டு வாங்கோ. அடுத்த மாசம் திரும்ப எழுதிப் பாப்பம்” என்றான். நான் அவனுக்குச் சொல்லும் அதே சொற்கள், ஞானம். அடுத்த முறை எழுதிப் பாப்பம். அதே குரலில் சொன்னான்.

வேறு ஆள் என்று தேடினால் கிடைக்கும். ஆழ்வாப்பிள்ளை வேண்டாம். அந்தப் படலைக்குள் நான் எப்படிக் கால் வைப்பது? என்னைக் கண்டால் மனுசன் மாட்டைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கிவிடுகிறார். மாடும் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. சந்திக்கடைப் பரமலிங்கத்திடம் கேட்டேன், தானே போக எழுதியிருக்கிறாராம். ரியூட்டரி முதலாளியிடம் கேட்டேன், மனுசிக்காரி விடமாட்டாவாம். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பார்ப்போம். அவசரம் ஒன்றும் இல்லைத்தானே. விலகிப் போகிற வருத்தம்தானே.

கஞ்சிக்குக் கொஞ்சம் தேங்காய்ப்பால் விடச் சொல்லும்.

சோமு

---

வெள்ளவத்தை,
05.12.1994

இஞ்சாருங்கோ,

கோபப்படாமல் வாசியுங்கோ. எனக்கு இருந்து எழுதக் கஷ்டம், அதனால் சுற்றி வளைக்கவில்லை.

உங்கள் வகுப்பு எங்கள் விறாந்தையில் எத்தனை வருசம் நடந்தது? நான் அத்தனை வருசமும் விறாந்தைக்கு அடுத்த குசினியில்தான் இருந்தேன். அடுப்புக்கு முன்னால் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை, காதுக்கு வேறு வேலையும் இல்லை. ஹீ எண்டால் அவன், ஷீ எண்டால் அவள், இற் எண்டால் அது. பிள்ளைகள் சொல்லச் சொல்ல நானும் அகப்பையோடு சொல்லியிருக்கிறேன்.

டொக்டர் ‘இற்’ என்று சொல்லவில்லை. ‘ஷீ’ என்று சொன்னார்.

கட்டிலில் கிடந்த ‘ஷீ’ நான் ஒருத்திதான்.

விலகிப் போவது வருத்தம் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். பிறகு ஏன் உங்களிடம் கேட்டேன் என்று நினைப்பீர்கள். நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று பார்க்கத்தான். நல்லாக எழுதியிருந்தீர்கள். ஆனைக்குப் பாஸ் கொடுத்த இடத்தை லூர்த்தம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவ சிரித்துவிட்டு அங்காலே போய் மூக்கைச் சிந்தினா.

ஆனால் நீங்கள் எழுதின பொய்யை நீங்களே நம்பத் தொடங்கிவிட்டீர்கள். அவசரம் இல்லை என்று எழுதுகிறீர்கள். அவசரம். ஆழ்வாப்பிள்ளை அண்ணையின் படலை என்ன, கோட்டை வாசலா? போய்த் திறவுங்கோ. மாட்டைப் பார்த்துக் கதைத்தால் நீங்களும் மாட்டைப் பார்த்தே பதில் சொல்லுங்கோ.

எனக்கு உங்களைப் பார்க்க வேணும். பகிடி ஒன்றும் கொண்டுவரத் தேவையில்லை.

ஞானம்

---

புத்தூர்,
21.12.1994

ஞானம்,

சம்பளம் கட்டாமல் இத்தனை வருசம் படித்த மாணவியே. என் வகுப்பில் ஒழுங்காகப் படித்தது நீர் ஒருத்திதான், அதுவும் சுவருக்கு மற்றப் பக்கம் இருந்து. அகப்பையோடு ‘ஹீ, ஷீ, இற்’ சொன்னீர் என்று எழுதியிருக்கிறீர். எனக்கு ஒரு நாளும் கேட்கவில்லை. நான் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உம்முடைய கடிதம் வந்த அன்று பின்னேரமே படலையைத் திறந்தேன். ஆழ்வாப்பிள்ளை மாட்டுக்கொட்டிலில் வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார். நான் மாட்டைப் பார்த்துச் சொன்னேன், “ஞானத்துக்குக் கடுமை. பிணைக்கு ஆள் வேணும்.” பகிடிக்காரன் பகிடி இல்லாமல் நின்றதை அந்த மாடு பார்த்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இரண்டு வருசத்துக்குப் பிறகு.

“மாஸ்டர், ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு நான் பஸ்ஸுக்கு நிண்டன் எண்டு எழுதினியள்.”

“பிழைதான் அண்ணை, நான்...”

“பொறுங்கோ. எனக்குப் பஸ் எது, பாஸ் எது எண்டு தெரியும். பாஸ் இல்லை எண்டுதான் சொன்னவங்கள். கொழும்பிலை மகளுக்கு அண்டைக்கு வயித்துக்குத்து. வீட்டை போய் மனுசிக்கு என்னத்தைச் சொல்லுறது? கந்தோருக்குள்ளை நிண்டு அழ வெக்கமாக் கிடந்தது. சந்தியிலை குடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் ஒருத்தருக்கும் முகம் தெரியாதெல்லோ. பிறகு ஊர் கேட்டுது. கேட்டவைக்கு ஒரு கதை சொல்லத்தானே வேணும்.”

இரண்டு வருசமாக ஊரைச் சிரிக்க வைத்த என் பகிடி அந்தக் கொட்டிலிலேயே செத்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவில்லை.

மற்ற நாள் காலமையே கந்தோருக்கு வந்து கையெழுத்து வைத்தார். உமக்கும் பிணை, எனக்கும் பிணை. நாங்கள் திரும்பி வரும் வரைக்கும் அவர் அசைய முடியாது. மகள் பெற்ற பெடியனை இன்னும் படத்தில்தான் பார்த்திருக்கிறார். வெளியே வந்ததும், “சுறுக்கா வாங்கோ, மாஸ்டர்” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, ஏறின சைக்கிளிலிருந்து இறங்கி, “இல்லை. அவசரப்படாமல் ஆறுதலாவே வாங்கோ” என்றார்.

பாஸ் ஜனவரி இரண்டாம் திகதியிலிருந்துதான் செல்லும். அடைக்கலநாதன் முன்னுக்குத் தள்ளிப் பார்த்தான், முடியவில்லையாம். கிறிஸ்மஸ் இடையில் கிடக்கிறது. எப்படிச் சுற்றி வந்தாலும் அது இடையில்தான் கிடக்கிறது.

ஞானம், அந்த வாலை நான் வெட்டவில்லை. நீட்டித்தான் எழுதினேன். என்ன செய்தாலும் அது அந்தச் சொல்லோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சோமு

---

வெள்ளவத்தை,
27.12.1994

இஞ்சாருங்கோ,

இது லூர்த்தம்மாவின் எழுத்து. நான் படுத்துக்கொண்டு சொல்லுகிறேன். நான் சொல்லுகிறபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன், அவ ஜெபம் ஒன்றும் நடுவில் சேர்க்கக்கூடாது.

கிறிஸ்மஸ் வந்தது. இந்தத் தெருவில் வெடி கொளுத்தினார்கள். முதலில் எனக்கு ஊரில் விழுகிற குண்டு ஞாபகம் வந்து கட்டிலுக்குக் கீழே இறங்கப் பார்த்தேன். லூர்த்தம்மா கேக் கொண்டு வந்தா. உதட்டில் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவும் இனிப்பு.

பெரிய டொக்டர் சொன்ன தவணை முடிந்துவிட்டது. நான் இன்னும் கிடக்கிறேன். மாஸ்டர், நான் ஃபெயில். உங்கள் வீட்டிலிருந்து சோதினை எடுத்து ஃபெயில் விட்டதுக்குச் சந்தோசப்பட்ட முதல் ஆள் நான்தான்.

ஜெர்மனியிலிருந்து மகன் போன் எடுத்தவன். அழுதான். அப்பா வாறார் எண்டு சொன்னேன். அவர் எப்பிடி வருவார், பாஸ் ஆர் குடுத்தது எண்டு கேட்டான். ஆழ்வாப்பிள்ளை மாமா எண்டு சொன்னேன். அவன் நம்பவில்லை. நீங்கள் வந்து போனில் சொல்லுங்கோ.

வரும்போது வறுத்த மா கொஞ்சம் கொண்டு வாருங்கோ. சாப்பிட இல்லை. மணக்க.

(கீழே இது என் கை.)
ஞானம்

---

கிளாலி,
04.01.1995

ஞானம்,

உம்முடைய கடிதம் நான் வெளிக்கிடுகிற அன்று காலமை வந்தது. ஆழ்வாப்பிள்ளைதான் சந்தியிலிருந்து ஓடி வந்து தந்தார். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. “ஃபெயிலாம்” என்றேன். இங்கிலீசு தெரியாத மனுசன், ஆனால் உடனே விளங்கிவிட்டது. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

இரண்டு நாளாகக் கரையில் கிடக்கிறேன். காற்று மாறவில்லை, வள்ளம் விடமாட்டோம் என்கிறார்கள். மழை. என்னைப் போல ஒரு ஊர்ச்சனம் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே குந்திக்கொண்டிருக்கிறது. ஒவ்வொருத்தரும் பாஸை நனையாமல் மடியில் வைத்திருக்கிறார்கள். என்னுடையதை வறுத்த மாப் போத்தலுக்குள் வைத்திருக்கிறேன். கந்தோரில் திறந்து காட்டும்போது புட்டு மணக்கும்.

ஒரு பெரிய வள்ளத்துக்கு மட்டும் இன்றைக்கு அனுமதி கொடுக்கிறார்கள், வருத்தக்காரருக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும். கெஞ்சிப் பார்த்தேன். “ஐயா, நீங்கள் நல்லாத்தானே இருக்கிறியள்” என்று சொல்லிவிட்டார்கள். அதில் போகிற பிள்ளை ஒன்றிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். கடிதத்துக்குப் பாஸ் தேவையில்லை. முதல் முறையாக என் எழுத்தின் மேல் எனக்குப் பொறாமை.

பகிடி கொண்டுவர வேண்டாம் என்று எழுதினீர். கொண்டுவரவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் கொண்டு வருகிறேன்.

உயிரோடு இருக்கிற காலமெல்லாம் பிள்ளைகளை எப்படியாவது பாஸ் பண்ண வைக்க வேண்டும் என்று கத்தின வாத்தி நான். இப்போது இந்த மழைக்குள் இருந்து உம்மைக் கெஞ்சிக் கேட்கிறேன். பெரிய டொக்டர் அடுத்த தவணை சொல்லியிருப்பார். அதையும் ஃபெயில் விடும், ஞானம். காற்று மாறி, நான் படியேறி வந்து, உம்முடைய கட்டிலடியில் நிற்கும் வரைக்கும் ஒவ்வொரு சோதினையும் ஃபெயில் விடும்.

மா இன்னும் மணக்கிறது. மூடியை இறுக்கி வைத்திருக்கிறேன்.

வாறன்.

சோமு